மூன்றாவது கம்பி

மார்கழி பிறந்துவிட்டால் ஜித்ராவின் வைகறைப் பொழுதுக்கு ஒரு தனிக் குணம் வந்துவிடுகிறது. நெல்வயல்களைத் தடவிக்கொண்டு வரும் வாடைக்காற்று, வெயிலுக்கே பழகிப்போன நம் உடம்பைச் சற்று நடுக்குகிறது. வெப்பமானி 22 பாகையோ 23 பாகையோ காட்டும். இதனைக் குளிர் என்று சொன்னால் பனிநாட்டார் நகைப்பர். ஆயினும் குளிர் என்பது வெப்பமானியில் மட்டும் இருப்பதன்று. அதைத் தாங்கும் உடம்பிலும் இருக்கிறது. இருபது வயதில் இன்பமாக இருக்கும் அதே தண்ணீர், எண்பது வயதில் எலும்பைத் தேடிப் பிடித்துக் குத்துகிறது.

என் தாயாருக்கு இப்போது 82 வயது. வைகறையில் எழுந்து நீராடி, விளக்கேற்றிய பின்னரே தேநீர் அருந்துவார். எத்தனை சொன்னாலும் அந்த ஒழுங்கை மாற்றிக்கொள்ள மாட்டார். மூட்டுவலி வந்த பிறகு, அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று வாளியில் விளாவிக் குளிக்கத் தொடங்கினார். நாங்கள் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் நடக்கும் வேலை அது. ஒருநாள் சட்டி விழும் ஓசை கேட்டு எழுந்து ஓடினேன். சமையலறைத் தரையெங்கும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அம்மா சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். நல்லவேளையாகக் கொதிநீர் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது.

“ஒண்ணுமில்ல தம்பி, கை வழுக்கிருச்சு. நீ போய்ப் படு” என்றார்.

நான் படுக்கவில்லை. அந்த விடியலில் என் நெஞ்சில் எழுந்தது அச்சம் மட்டுமன்று. ஒரு பழைய கடனும் எழுந்து வந்து எதிரே நின்றது.

நான் பிறந்து வளர்ந்தது பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். லயத்து வீட்டின் பின்புறம் மூன்று கல்லை வைத்து, மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் நிரப்பி, காய்ந்த ரப்பர் விறகை மூட்டி அம்மா வெந்நீர் போடுவார். அதிகாலைப் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் நடக்கும் வேலை அது. அந்த ஒரு டின் வெந்நீர் எங்கள் ஐவருக்கும் பங்கு பிரிக்கப்படும். இளைப்பு நோய்க்காரரான அப்பாவுக்கு முதற்பங்கு; பிள்ளைகள் நால்வருக்கும் மிச்சம். அம்மா மட்டும் பைப்படியில் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையை முடிந்துகொண்டு, பால் வெட்டப் போவார். ஏன் அவர் வெந்நீரில் குளிப்பதில்லை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத் தண்ணீர்தான் பிடிக்கும் போலும் என்று எண்ணிக்கொண்டோம். பிள்ளைகளின் அறியாமை எவ்வளவு வசதியானது!

குளிர்நாடுகளில் இத்துன்பத்துக்கு மனிதன் வெகு காலமாகவே விடை தேடி வந்திருக்கிறான். பண்டைய உரோமானியர் தரைக்கு அடியில் வெப்பக் காற்றைச் செலுத்தி வீட்டைச் சூடாக்கினர். 1850களில் உருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த பிரான்ஸ் சான் கல்லி என்பவர், வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்த் தொகுதியைச் சுவரோரம் பொருத்தி அறையைச் சூடாக்கும் ‘ரேடியேட்டர்’ கருவியை உருவாக்கினார். இன்று இலண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் நம் தமிழர் இல்லங்களிலும் அக்கருவியைக் காணலாம். நமக்கோ அறையைச் சூடாக்க வேண்டிய தேவையில்லை. காலையில் ஒரு வாளித் தண்ணீர் சூடானால் போதும். அதற்குக் குளியலறைச் சுவரில் மாட்டும் ஒரு சிறு வெந்நீர்க் கருவியே நம் நாட்டுக்கு ஏற்றது.

அந்தப் பள்ளி விடுமுறையிலேயே அலோர் ஸ்டாருக்குச் சென்று ஒரு கருவியை வாங்கி வந்தேன். அதன் ஆற்றல் 3,600 வாட். தண்ணீரைத் தேக்கி வைக்காமல், ஓடும்போதே சூடாக்கித் தரும் வகை. நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர் ஓடினால் அதன் வெப்பத்தை ஏறத்தாழ 17 பாகை உயர்த்தும். 26 பாகையில் உள்ள தொட்டித் தண்ணீர் 43 பாகையாகிவிடும். முதுமையின் மூட்டுகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எங்களுடையது ஒற்றை மாடி வரிசை வீடு. கூரையடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு விசை குறைவு. ஆகவே சிறு பம்பு இணைந்த கருவியாகத் தேர்ந்தெடுத்தேன்.

இனிப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் என் தன்னம்பிக்கை தலைதூக்கியது. குளியலறைக்கு அருகில், சலவை இயந்திரத்துக்கென ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. அதிலிருந்தே கருவிக்கு மின்சாரம் எடுத்துவிடலாம் என்று எண்ணினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணி. அதில் பாதிக்காலம் அறிவியல் பாடம். மின்கலம், விளக்கு, இரண்டு கம்பி இவற்றை இணைத்துக் காட்டி, ‘இதுவே முழுமையான மின்சுற்று’ என்று எத்தனை வகுப்புகளில் கூறியிருக்கிறேன்! எனக்கு வராத மின்சாரமா?

எனினும் சுவரில் துளையிடும் கருவி என்னிடம் இல்லை. ஆகையால் ஜித்ராவில் வயர்மேனாகத் தொழில் செய்யும் ஓர் இளைஞனை அழைத்தேன். அவன் என் பழைய மாணவன். ஐந்தாம் ஆண்டில் அவனுக்கு நான் கணிதம் கற்பித்தேன். வகுத்தல் கணக்கு அவனுக்கு வரவேயில்லை. பெற்றோரை அழைத்து, “இவன் தேறுவது கடினம்” என்று நான் கூறியது எனக்கு நினைவிருந்தது. அவனுக்கு நினைவிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தவன் அம்மாவின் காலைத் தொட்டு வணங்கிவிட்டுக் கருவியைப் புரட்டிப் பார்த்தான். நான் என் திட்டத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

“சார், இது 3,600 வாட். 240 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டா 15 ஆம்பியர் வருது. இந்த பிளக் தாங்குறது 13 ஆம்பியர்தான். கணக்கு ஒத்து வரலையே, சார்” என்றான்.

வகுத்தல்! அவன் அதை மனத்திலேயே செய்துவிட்டான். நான் சிரித்துச் சமாளித்தேன். “சில நிமிடந்தானே ஓடப்போகிறது, தம்பி?” என்றேன்.

“ஒருநாள் தாங்கும் சார், ஒரு மாசம் தாங்கும். அப்புறம் பிளக் உருகும். இதுக்குத் தனி லைன் இழுக்கணும்” என்று கூறியவன், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பையிலிருந்து அளவுமானியை எடுத்து, சலவை இயந்திரத்தின் பிளக் பாயிண்டில் அதன் இரு முனைகளையும் செருகினான். ஒரு துளையில் 240 காட்டியது. முனையை மாற்றி மற்றொரு துளையில் செருகினான். ஒன்றும் காட்டவில்லை. மீண்டும் செருகினான். அவன் முகம் மாறியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றினான்.

“சார், எர்த் கம்பியே இல்லையே! ரெண்டு கம்பிதான் வந்திருக்கு. யாரு சார் இந்த வேலையைச் செஞ்சது?”

அந்தக் கேள்விக்கு நான் உடனே விடை கூறவில்லை. ஏனெனில் அந்த வேலையைச் செய்தவன் நான்தான். பதினோர் ஆண்டுகளுக்கு முன், பின்புறத்தைக் கூரையிட்டு அடைத்தபோது, சமையலறையிலிருந்து மின்சாரத்தை நானே நீட்டினேன். வீட்டில் இரட்டைக் கம்பிச் சுருள் ஒன்று மிச்சமிருந்தது. இயந்திரத்தின் பிளக்கில் மூன்று முனைகள் உண்டென்பது தெரியும். ஆனால் இரண்டு கம்பியிலேயே இயந்திரம் ஓடியது. மூன்றாவது கம்பி ஒரு வேலையும் செய்யாத கம்பி என்று முடிவு செய்தேன். வகுப்பறை மேசையில் விளக்கு எரிந்ததும் இரண்டு கம்பியில்தானே? அதில் இருந்தது ஒன்றரை வோல்ட் மின்கலம் என்பதும், சுவருக்குள் ஓடுவது 240 வோல்ட் என்பதும் அன்று என் அறிவுக்கு எட்டவில்லை.

“நான்தான் தம்பி” என்றேன்.

அவன் தலைகுனிந்துகொண்டான். ஆசிரியரின் பிழையைப் பார்க்கக் கூசும் மாணவனின் கண்ணியம் அது. அந்த அமைதியில்தான் அம்மாவின் குரல் கேட்டது.

“நான் சொன்னேன்ல தம்பி, அந்த மெசின் எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்சுருக்குங்குதுன்னு?”

ஆம், சொன்னார். ஒருமுறை அன்று, மும்முறை சொன்னார். முதன்முறை, “காற்றில் உள்ள மின்னூட்டம் அம்மா” என்றேன். இரண்டாம் முறை, “உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, விரல் நரம்பு அப்படித்தான் உணரும்” என்றேன். மூன்றாம் முறை என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே ஏதோ சொல்லியிருப்பேன். அதன்பின் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார்.

“அப்புறம் எப்படிப் பாட்டி துணி துவைச்சீங்க?” என்று இளைஞன் கேட்டான்.

அம்மா கதவோரத்தில் கிடந்த ரப்பர்ச் செருப்பைக் காட்டினார். “இதப் போட்டுக்கிட்டு, கையத் துடைச்சிட்டுத் தொட்டா கடிக்காது. நானாக் கண்டுபிடிச்சேன்” என்றார். அவர் குரலில் குறை இல்லை. சிறு பெருமிதமே இருந்தது.

அந்தச் செருப்பை நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் செருப்பு எதற்கு என்று ஒருமுறை கடிந்தும் இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, தம் விரல் சொன்னதை நம்பி, ஆய்ந்து, ஒரு காப்பு முறையைக் கண்டறிந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் அவர் கீறிப் பாலெடுத்த ரப்பர் மரம், பதினோர் ஆண்டுகள் அவர் காலடியில் கிடந்து அவரைக் காத்து வந்திருக்கிறது. அவர் பெற்ற மகனோ, பயிற்சி பெற்ற ஆசிரியன், காக்கவில்லை.

அந்த இளைஞன் பின்னர் எனக்குப் பாடம் நடத்தினான். சலவை இயந்திரத்துக்குள் மின்னிரைச்சலை அடக்கும் சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் இயந்திரத்தின் உலோகக் கூட்டுக்கு எப்போதும் கசிந்தபடி இருக்கும். எர்த் கம்பி இருந்தால் அது ஓசையின்றி மண்ணுக்குள் போய்விடும். இல்லையேல் தொடுபவரின் உடம்பையே வழியாகக் கொள்ளும். அம்மா உணர்ந்த எறும்புக்கடி அதுதான். அந்த அளவில் அது உயிரைப் பறிக்காது. ஆனால் இயந்திரத்துக்குள் ஒரு கம்பி தேய்ந்து கூட்டைத் தொட்டிருந்தால், எறும்பு அன்று நாகமாகியிருக்கும். ஒரு மில்லி ஆம்பியர் அளவிலேயே மனிதன் மின்சாரத்தை உணர்கிறான். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசை இறுகிப் பற்றிய கையை விடுவிக்க இயலாமற் போகலாம். முப்பதைக் கடந்து நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து. எங்கள் வீட்டின் தலைமைத் துண்டிப்பானோ நூறு மில்லி ஆம்பியர் கசிந்தால்தான் இயங்கும் பழைய வகை.

இதற்காகவே நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், ஈரமான தரையுள்ள இடங்களில் பத்து மில்லி ஆம்பியர்க் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்று வகுத்துள்ளன. பேச்சு வழக்கில் இ.எல்.சி.பி. என்று சொல்கிறோமே, அந்தக் கருவிதான். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை வாளாவிருக்கும். ஒரு சிறு பங்கு வேறு வழியில் போய்விட்டால், கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். வெந்நீர்க் கருவியில் ஓடுவது 15 ஆம்பியர். அதில் ஆயிரத்து ஐந்நூற்றில் ஒரு பங்கு காணாமற் போனாலும் அதற்குத் தெரிந்துவிடும். 1950களில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரைக் காக்கவென ஹென்றி ரூபின் என்னும் பொறிஞர் இத்தகைய நுண்ணுணர்வுக் கருவியை உருவாக்கினார். மண்ணுக்கடியில் ஈரத்தில் நின்று உழைத்த ஏழைகளுக்காகப் பிறந்த கருவி, இன்று உலகெங்கும் வீடுகளைக் காக்கிறது.

வேலை இரண்டு நாள் நடந்தது. முதல் நாள், என் கைவேலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சலவை இயந்திரத்துக்கு மூன்று கம்பியோடு புதிய இணைப்புத் தந்தான். மறுநாள் மின்பெட்டியிலிருந்து குளியலறைக்கு 4 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியைத் தனியே இழுத்தான். அதற்கென 20 ஆம்பியர்த் துண்டிப்பானையும், பத்து மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி.யையும் பொருத்தினான். விளக்குக் காட்டும் இரட்டை முனை விசையைக் குளியலறைக்கு வெளியே வைத்தான். கருவியைச் சுவரில் நேராக நிறுத்தி, தண்ணீர் நேரே தெறிக்காத இடத்தில் மாட்டினான். தண்ணீர் நுழையும் வழியில் ஒரு குழாய்த் திறப்பும் வடிகட்டியும் வைத்தான். வெளியேறும் வழியில் எதையும் வைக்கக் கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும் என்றான். மின்சாரத்தைத் தருமுன் தண்ணீரைத் திறந்துவிட்டு, உள்ளிருந்த காற்றெல்லாம் வெளியேறி நீர் சீராக வரும்வரை ஓடவிட்டான். நிலத்தில் அடித்த செம்புத் தண்டு வரை எர்த் தொடர்ச்சியை அளந்து பார்த்தான். இறுதியில் இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னான். ‘டக்’ என்று விசை கீழே விழுந்தது.

“மாசம் ஒருதடவை அழுத்திப் பாருங்க சார். விழலைன்னா உடனே கூப்பிடுங்க” என்றான்.

கூலி, கருவியின் விலையில் முக்காற் பங்கு ஆயிற்று. அதற்கு மேலும் நான் தர முனைந்தபோது வாங்க மறுத்தான். “வகுத்தல் கணக்கு உனக்கு வராது என்று அன்று சொன்னேனே...” என்று தொடங்கினேன். “அப்ப வரலதான் சார். பயிற்சி நிலையத்துல வயரைக் கையில குடுத்தாங்க, அப்புறம் வந்துருச்சு” என்று இயல்பாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வரியில் ஆசிரியப் பயிற்சி நூல்கள் பலவற்றின் சாரம் அடங்கியிருந்தது.

மறுநாள் வைகறையில் அம்மா குளிக்கச் சென்றார். நான் வெளியே காத்திருந்தேன். தண்ணீர் விழும் ஓசை கேட்டது. இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது.

“ஏனம்மா, சூடு போதவில்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. மிச்சம் உங்களுக்கு வேணுமில்ல?”

அரை நூற்றாண்டுக்கு முந்தைய மண்ணெண்ணெய் டின் அவர் மனத்தில் இன்னும் அப்படியே இருந்தது. “அம்மா, இது தீராத வெந்நீர். எல்லாருக்கும் வரும். நீங்கள் நன்றாகக் குளியுங்கள்” என்றேன். சற்று நேரம் அமைதி. பின்னர் மீண்டும் தண்ணீர் ஓடியது, நெடுநேரம் ஓடியது.

அண்மையில் இளம் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் பேசும் வாய்ப்புக் கிட்டியது. கற்பித்தல் முறைகளைப் பற்றிய குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, இந்தக் கதையைச் சொன்னேன். என் பிழையையும் மறைக்கவில்லை. ‘கரும்பலகை தெரியவில்லை’ என்று ஒரு பிள்ளை மும்முறை சொல்லிவிட்டு நிறுத்திவிட்டால், அதற்குப் பார்வை வந்துவிட்டதென்று பொருளன்று. நம்மிடம் சொல்லிப் பயனில்லை என்று அது கற்றுக்கொண்டது என்றே பொருள். பிறகு அதுவும் தனக்கென ஒரு ரப்பர்ச் செருப்பைத் தேடிக்கொள்ளும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்துவிடுவதில்லை.

எர்த் கம்பி விளக்கை எரிப்பதில்லை, பம்பைச் சுழற்றுவதில்லை, தண்ணீரைச் சூடாக்குவதுமில்லை. பழுது நேரும் ஒரு நொடிக்காகவே ஆண்டுக்கணக்கில் சுவருக்குள் காத்துக் கிடக்கிறது. அதைப் பயனற்றது என்று வெட்டி எறிந்தவன் நான். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் நாள் மின்பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்துகிறேன். ‘டக்’ என்ற ஓசை கேட்டதும், “இந்தத் துணி துவைக்கும் இயந்திரம் கடிக்கிறதா அம்மா?” என்று கேட்கிறேன். “இல்ல தம்பி” என்கிறார். செருப்பு மட்டும் இன்னும் கதவோரத்திலேயே கிடக்கிறது. அதை நான் அப்புறப்படுத்தவில்லை.